ஏழாம் நம்பர் பெட்

எங்க வீட்டுல நோயாளி நான்தான். சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோங்க, தப்பில்ல. முதல்ல நானும் சிரிச்சவன்தான்.

டாக்டர்கிட்ட கேட்டா வேற மாதிரி சொல்வார். ஸ்கேன் படத்தை வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சு, மூளை இங்க சுருங்கியிருக்கு, அங்க சுருங்கியிருக்குன்னு காட்டுவார். அது என் சம்சாரத்தோட மூளை. இந்த மறதி இனிமே போகப் போகக் கூடத்தான் செய்யும், குறையாதுன்னு அவர் சொன்னப்போ அவ என் பக்கத்துல உக்காந்து, அவரோட மேஜை விளிம்பை விரலால தடவித் தூசி பாத்துக்கிட்டு இருந்தா. அவ வாழ்க்கை பூரா நர்ஸு. ரிட்டயர் ஆகுறப்போ ஆம்பளைங்க ஆபரேஷன் வார்டுக்கே தலைமை. தூசியைக் கண்டா சும்மா இருக்க மாட்டா.

நான் பஸ் டிரைவரா இருந்தவன். டிப்போவுல எனக்கு 'ஹாரன்'னு பேரு. கை எப்பவும் ஹாரன் மேலயே இருக்கும்னு பசங்க வெச்ச பேரு. முன்னாடி போற வண்டி நகரலேன்னா எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ருன்னு ஏறும். இப்படிப்பட்ட ஒருத்தனைக் கட்டில்ல அசையாம படுக்க வெச்ச பெருமை அவளைத்தான் சேரும்.

மறதி ஆரம்பிச்சப்போ முதல்ல சாவி போச்சு. அப்புறம் அடுப்புல வெச்ச பால் போச்சு. அப்புறம் அக்கம்பக்கத்து ஆளுங்க பேரு. கடைசியா நான் போனேன். ஒரு நாள் சாயங்காலம் கட்டில்ல சாஞ்சு பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்கேன், வாசப்படியில வந்து நின்னா. நைட்டி மேல, நெஞ்சுக்கு நேரா, அவளோட பழைய நர்ஸு வாட்ச்சைக் குத்தியிருந்தா. என்னை ஏற எறங்கப் பாத்துட்டு, "ஏழாம் நம்பர் பெட்டுல இவரை எப்ப போட்டாங்க? எனக்கு ஒருத்தரும் சொல்லலையே"ன்னா. அன்னிலேர்ந்து நான் ஏழாம் நம்பர். வீட்டுல இருக்கிறது ரெண்டே கட்டில். மிச்சம் எங்கன்னு நான் கேக்கல. கேட்டா தேட ஆரம்பிச்சுடுவா.

அதுக்கு முன்னாடி என்னை 'என்னங்க'ன்னுதான் கூப்பிடுவா. சண்டைன்னா வெறும் 'ங்க' மட்டும் வரும். இப்போ 'பெரியவரே'ன்னு கூப்பிடறா. என்னைவிட ரெண்டு வயசுதான் சின்னவ! முதல் தடவை கேட்டப்போ வயிறெரிஞ்சு போச்சு எனக்கு. போய்க் கண்ணாடியில மூஞ்சியைப் பாத்துக்கிட்டேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன். காலைல குளிரக் குளிரக் கை கழுவிட்டு வருவா, என் மணிக்கட்டைப் பிடிப்பா, வாட்ச்சைப் பாத்து எண்ணுவா. ஒவ்வொரு நாளும். கல்யாணம் ஆன புதுசுல ரோட்டுல கையைப் பிடிச்சா உதறிடுவா, யாராவது பாப்பாங்கன்னு. இப்போ தினமும் அவளே வந்து பிடிக்கறா. எண்ணி முடிச்சதும் "பரவால்ல, நல்லாத்தான் இருக்கு"ம்பா. அதுக்காகவே நோயாளியா இருக்கலாம்னு எனக்குத் தோணியிருக்கு.

பிரயோஜனமும் இல்லாம இல்ல. அவ மாத்திரையை அவளுக்குக் குடுக்கறது பெரும்பாடு. வாயில போட்டா துப்பிடுவா, விஷம் வெக்கறியான்னு கேப்பா. ஒரு நாள் நான் படுத்துக்கிட்டே, "சிஸ்டர், இந்த மாத்திரையைப் பாத்தாலே பயமா இருக்கு. நீங்க ஒண்ணு போட்டுக் காட்டுங்க, அப்புறம் நான் போடறேன்"னு சொன்னேன். "இவ்வளவு பெரிய ஆம்பளைக்கு இவ்வளவு பயமா?"ன்னு சிரிச்சுக்கிட்டே முழுங்கிட்டா. எனக்கு ஒரு புதினா மிட்டாய். சாப்பாடும் அப்படித்தான். நர்ஸு ஒரு வாய் சாப்பிட்டாத்தான் ஏழாம் நம்பர் ஒரு வாய் சாப்பிடுவார். பிடிவாதக்காரப் பேஷண்ட்டுன்னு என்னைப் பத்தி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் கெடையாது.

சில நாள் படுக்கை நனைஞ்சிருக்கும். நான் நனைக்கல, புரிஞ்சுக்கோங்க. அவ எழுந்து பாப்பா, துணியைத் தொட்டுப் பாப்பா, அப்படியே என் பக்கம் திரும்பி, "பெரியவரே, வருதுன்னா ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"ம்பா. அவ மூஞ்சியில அந்தச் சமயத்துல எந்தச் சங்கடமும் இருக்காது, அக்கறைதான் இருக்கும். நான் என்ன சொல்றது? "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர், தூக்கத்துல தெரியல"ம்பேன். "அட, இதெல்லாம் எங்களுக்குப் புதுசா? விடுங்க"ன்னு தோளைத் தட்டுவா. "உங்க உடையிலயும் பட்டிருக்கு பாருங்க சிஸ்டர்"னு சொன்னா, அப்பத்தான் மாத்திக்கப் போவா. இந்த விஷயத்துல என் மானம் போனா போகட்டும்னு விட்டுட்டேன்.

எல்லாத்துக்கும் இப்படி வழி கெடைச்சுடும்னு நெனைக்காதீங்க. குளிக்க வெக்கறதுக்கு இன்னிக்கு வரைக்கும் ஒரு தந்திரமும் கெடைக்கல. தண்ணி மேல பட்டா நெருப்பு பட்ட மாதிரி கத்துவா. ஒரு தடவை மக்கை எடுத்து என் நெத்தியில ஒரு போடு. நானும் மனுஷன்தானே? "உனக்கு என்னடி கேடு, நான் என்ன உனக்கு நேந்துவிட்ட ஆடா?"ன்னு வாய்க்கு வந்தபடி கத்திட்டேன். பயந்து போய் மூலையில ஒண்டிக்கிட்டா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு ஈரத் தலையோட வந்து, கட்டில் பக்கத்துல நின்னு, "கத்தாதீங்க பெரியவரே, தையல் பிரிஞ்சுடும்"னா. எனக்கு எங்கயும் தையல் இல்ல. பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேன்.

ஊர்ல புத்தி சொல்றதுக்கு மட்டும் ஆளுக்குப் பஞ்சமே இல்ல. பாதாம் குடுங்கன்னு ஒருத்தர், குறுக்கெழுத்துப் போட வைங்கன்னு ஒருத்தர், பாட்டு கேக்க வைங்கன்னு ஒருத்தர். எதிர் வீட்டு வாத்தியார் படியேறி வந்து, "நீங்க பொறுமையா இருக்கணும் சார்"னு சொல்லிட்டு மூச்சு வாங்க எறங்கிப் போனார். நீங்க கொஞ்சம் காத்தாட வெளிய போயிட்டு வாங்க, அதுவரைக்கும் நான் பாத்துக்கறேன்னு ஒருத்தர் வாயிலேர்ந்தும் வரல. எனக்குப் பொறுமையைச் சொல்லித் தர வந்துட்டாங்க!

சொன்னவ என் மக மட்டும்தான். துணிக்கடையில மேனேஜரா இருக்கா, லீவு நாள்ல வந்து என்னை வெளிய தள்ளிவிட்டு அம்மாவைப் பாத்துப்பா. அவளும் கடைசியில ஒரு பராமரிப்பு இல்லத்தைப் பத்திப் பேச்செடுத்தா. மரமெல்லாம் இருக்காம், சுத்தமா இருக்காம், எந்நேரமும் நர்ஸுங்க இருக்காங்களாம். "அப்பா, நீங்க தினமும் வந்து பாக்கலாம்ப்பா. பஸ்ல போனா கொஞ்ச தூரம்தான்."

"பஸ் எவ்வளவு தூரம்னு நீ எனக்குச் சொல்றியா?"

"கோபப்படாதீங்கப்பா. உங்களால முடியலைன்னு எனக்குத் தெரியுது."

"யாருக்கு முடியல? என் உசுரு இருக்கிற வரைக்கும் அவ இந்த வீட்டை விட்டுப் போக மாட்டா. இதோட விடு."

எனக்கு வேணும்னு இருந்தது அது ஒண்ணுதான். என்னை யாருன்னு தெரியலேன்னாலும் பரவால்ல, என் கண்ணு முன்னாடி இருக்கணும். அந்தக் கை காலைல வந்து என் மணிக்கட்டைப் பிடிக்கணும். வேற எதையும் நான் யாருகிட்டயும் கேக்கல.

மக விடலை. சும்மா பாத்துட்டு வரலாம்னு மாப்பிள்ளையைக் கார் எடுத்துட்டு வரச் சொன்னா. மாப்பிள்ளை தங்கமான மனுஷன், பேச்சுத்தான் வராது. கீழ காரை வெச்சுக்கிட்டு நின்னார். மக அம்மாவுக்குச் செருப்பை மாட்டி விட்டு, கையைப் பிடிச்சு வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டா. வாசப்படியைத் தாண்டணும், கதவு நிலையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா பாருங்க! "வார்டை யாரு பாக்கறது? ஏழாம் நம்பரைத் தனியா விட்டுட்டு வரச் சொல்றியா? ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"ன்னு போட்ட சத்தத்துல மாடி மாடியாக் கதவு திறந்துச்சு. மக இழுக்க, அவ கையைக் கடிச்சுட்டா. மக அப்படியே படியில உக்காந்து அழுதுட்டா. நான் கட்டில்லேர்ந்து எந்திரிச்சு வந்து, "நான்தான் சொன்னேனே"ன்னேன். உள்ளுக்குள்ள ஒரே குஷி எனக்கு. பெத்த பொண்ணு அழறா, எனக்கு ஜெயிச்ச மாதிரி இருந்துச்சு. என்ன ஜென்மம் பாருங்க.

இன்னொரு கஷ்டம் சாயங்காலம். வெளிச்சம் மங்க ஆரம்பிச்சா போதும், வாசக் கதவுகிட்ட போய் நின்னுக்குவா. வாட்ச்சைப் பாப்பா, கதவைப் பாப்பா, திரும்ப வாட்ச்சைப் பாப்பா. "இன்னும் வரல பாருங்க"ம்பா. யாரு வரலேன்னு கேட்டா சொல்லத் தெரியாது. மகளைத்தான் தேடறான்னு நெனைச்சு போன் போட்டு வரவழைச்சேன். மக வந்தா, பேசினா, போனா. இவ பாட்டுக்கு நின்னுக்கிட்டே இருந்தா. செத்துப் போன அவ அம்மாவைத் தேடறாளோன்னு நெனைச்சேன். போட்டோவைக் காட்டினா, "யாரு இந்தம்மா, எந்த வார்டு?"ங்கறா. நாற்காலி கொண்டு வந்து போட்டா உக்கார மாட்டா. கால் ரெண்டும் வீங்கிப் போயிடும். கடைசியில தானா சோந்து, சுவத்துல சாஞ்சு, அழற மாதிரி ஆயிடுவா. அப்பத்தான் கொண்டு வந்து படுக்க வெப்பேன். டாக்டர் கேட்டுட்டு, இந்த நோயில பொழுது சாயற நேரத்துல அப்படித்தான் இருக்கும்னுட்டார். சரி, அப்படித்தான் போலன்னு நானும் இருந்துட்டேன்.

ஒரு நாள் பாத்ரூம்ல வழுக்கி உக்காந்துட்டா. அடி ஒண்ணும் இல்ல, ஆனா எந்திரிக்க மாட்டேன்னு கல்லு மாதிரி உக்காந்துக்கிட்டா. தூக்கினேன். அவ எந்திரிச்சா, எனக்கு அடிவயித்துல வலது பக்கம் என்னமோ அறுந்த மாதிரி இருந்துச்சு. மறுநாள் அங்க ஒரு வீக்கம். மக வந்திருந்தப்போ முடி வெட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டு டாக்டர்கிட்ட போனேன். ஹெர்னியான்னார். குடல் எறங்கியிருக்கு, ஆபரேஷன் பண்ணியே ஆகணும், அதுக்கப்புறம் பல மாசம் ஒரு குடம் தண்ணி கூடத் தூக்கக் கூடாதுன்னார். "ஆகட்டும் சார்"னு சொல்லிட்டு எந்திரிச்சு வந்து, மகளுக்குச் சந்தேகம் வரக் கூடாதேன்னு நிஜமாவே முடி வெட்டிக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

சொன்னா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதா? நான் ஆஸ்பத்திரியில, அவ அந்த மரமெல்லாம் இருக்கிற எடத்துல. அப்புறம் தூக்கக் கூடாது, கொள்ளக் கூடாதுன்னு சொல்லித் திரும்பக் கூட்டிட்டு வர விட மாட்டாங்க. அதனால பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். வலிச்சா படுத்துக்குவேன். படுத்துத் தள்ளினா வீக்கம் உள்ள போயிடும். நோயாளியா நடிக்கறவனுக்கு நிஜமா நோய் வந்தா ஒரு வசதி, ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியாது.

அவளுக்குத் தெரிஞ்சுச்சு. காலைல நாடி பாக்கறப்போ நான் முகம் சுளிச்சதைக் கவனிச்சுட்டா. "எங்க வலிக்குது?"ன்னு கேட்டுக்கிட்டே கையை வயித்து மேல வெச்சு, நேரா அந்த எடத்துக்கே போயிட்டா. டாக்டர் கூட அவ்வளவு சீக்கிரம் போகல. "இருமுங்க"ன்னா. இருமினேன். "ஹெர்னியா. எத்தனை நாளா?"

"வெறும் வாயு சிஸ்டர், கேஸு."

"இந்தக் கதையெல்லாம் வேற யாருகிட்டயாவது சொல்லுங்க. ஆபரேஷன் பண்ணிக்க ஏன் மாட்டேங்கறீங்க?"

அவ கேட்ட தோரணையில என் வாயிலேர்ந்து உண்மை வந்துடுச்சு. "வீட்டுல சம்சாரத்துக்கு முடியல சிஸ்டர். அவளுக்கு எதுவும் ஞாபகம் இல்ல. நான்தான் பாத்துக்கறேன். நான் போய்ப் படுத்துட்டா அவளை எங்கயாவது கொண்டு போய் விட்டுடுவாங்க."

அவ வயித்துலேர்ந்து கையை எடுத்தா. "பாவம்"னா. யாரைச் சொன்னான்னு தெரியல. போர்வையை இழுத்து விட்டுட்டுப் போயிட்டா. நான் பயப்படல. அவகிட்ட எதை வேணும்னாலும் சொல்லலாம், மத்தியானத்துக்குள்ள மறந்துடுவா. மறுநாள் காலைல திரும்பக் கை வெச்சா, திரும்பக் கண்டுபிடிச்சா, திரும்பக் கேட்டா, நானும் திரும்பச் சொன்னேன். தினமும் இது நடந்துச்சு. யாருகிட்டயாவது சொன்னா மனசு லேசாகும்பாங்களே, அது வாஸ்தவம்தான். நான் அவளைப் பத்தி அவகிட்டயே சொல்லி அழுதிருக்கேன்.

அப்புறம் ஒரு நாள் தள்ளினா வீக்கம் உள்ள போகல. கல்லு மாதிரி இருந்துச்சு. காலைலேர்ந்து வாந்தி வேற. படுத்தவன் எந்திரிக்கல. அன்னிக்குன்னு பாத்து மக சாயங்காலம் வர்றதா சொல்லியிருந்தா. மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, அலுப்பா இருக்குன்னு சொல்லிடலாம்னு தயாரா இருந்தேன். மக தனியா வருவான்னுதான் எனக்குத் தெரியும். அந்த இல்லத்துத் தலைமை நர்ஸை, சும்மா அம்மாவை வந்து ஒரு தடவை பாருங்கன்னு அவ கூப்பிட்டிருந்தது எனக்குத் தெரியாது.

பொழுது சாஞ்சுக்கிட்டு இருந்துச்சு. என் சம்சாரம் வழக்கம் போலக் கதவுகிட்ட. படுக்கையிலேர்ந்து பாத்தா கூடமும் வாசலும் எனக்கு நேராத் தெரியும். கீழ மாப்பிள்ளையோட கார் வந்து நிக்கற சத்தம், அப்புறம் மணி அடிச்சுது. கதவைத் திறந்தா. மகளுக்கு முன்னாடி ஒரு பொம்பளை, நாப்பது வயசு இருக்கும், டியூட்டி முடிஞ்சு நேரா வந்திருக்காங்க போல, வெள்ளை யூனிபார்ம், வெள்ளை ஷூ, தோள்ல பை.

என் சம்சாரம் அவங்களைத் தலையிலேர்ந்து கால் வரைக்கும் பாத்தா. வாட்ச்சைப் பாத்தா. "ஏன் இவ்வளவு லேட்டு? நான் எவ்வளவு நேரமா நிக்கறேன்னு தெரியுமா?"ன்னா.

மக ஏதோ சொல்ல வாயெடுத்தா. அந்த நர்ஸம்மா அவ கையை லேசாத் தொட்டு நிறுத்திட்டாங்க. இவ நெஞ்சுல இருந்த வாட்ச்சைப் பாத்தாங்க, வீங்கின காலைப் பாத்தாங்க. பையைக் கழட்டிக் கீழ வெச்சுட்டு, "மன்னிச்சுக்கோங்க சிஸ்டர். பஸ் நேரத்துக்கு வரல"ன்னாங்க.

எல்லாப் பழியும் பஸ்காரங்க எங்க தலையிலதான்! ஆனா கோபப்படக் கூட எனக்குத் தோணல. அந்த நிமிஷம்தான் என் மரமண்டையில உறைச்சுது. கல்யாணமான புதுசுல ஆஸ்பத்திரி கேட்டுல இவளுக்காகக் காத்துக்கிட்டு நிப்பேன். டியூட்டி முடிஞ்சும் வர மாட்டா. அடுத்த டியூட்டிக்காரி வந்து, ஒவ்வொரு கட்டிலாப் போய், ஒவ்வொரு நோயாளியையும் பத்திச் சொல்லி ஒப்படைச்சாத்தான் வெளிய வருவா. அவ வரலேன்னா இவளும் வர மாட்டா. நான் கேட்டுல வண்டியை நிறுத்தி ஹாரன் அடிப்பேன், வந்ததும் கத்துவேன். "ஒப்படைக்காம எப்படி வர்றது? உங்க பஸ்ஸை நடுரோட்டுல விட்டுட்டு வருவீங்களா?"ம்பா. இதுக்காகவே எத்தனை சண்டை! இப்போ தினமும் சாயங்காலம் என் கண்ணு முன்னாடி அதே மாதிரி நின்னுருக்கா, அடுத்த டியூட்டிக்காரிக்காக. மகளைக் கூப்பிட்டேன், போட்டோவைக் காட்டினேன், டாக்டரைக் கேட்டேன். அவகூடவே குடும்பம் நடத்தினவனுக்கு இது மட்டும் தோணல.

"சரி வாங்க, ஒப்படைச்சுடறேன்"னு சொல்லிட்டு அந்த நர்ஸம்மாவை என் கட்டில்கிட்ட கூட்டிட்டு வந்தா. அவங்க கையைப் பின்னால கட்டிக்கிட்டு நேரா நின்னாங்க. மக வாசப்படியில நின்னுட்டா.

"ஏழாம் நம்பர். டிரைவர் வேலை பாத்தவர். நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் ஜாஸ்தி." என் சம்சாரத்தோட குரல் மாறியிருந்துச்சு. நிறுத்தி நிறுத்தி, சுத்தமா, ஒரு வார்த்தை தடுமாறாம வந்துச்சு. எத்தனையோ மாசமா அவ ஒரு பேச்சை முழுசா முடிச்சு நான் கேக்கல. "சாப்பாடு தானா எறங்காது, பக்கத்துல உக்காந்து நீங்களும் சாப்பிடணும். படுக்கையை நனைச்சிடறார், அதுக்குத் திட்டாதீங்க, அவருக்கே வெக்கமா இருக்கு."

நர்ஸம்மா என்னைப் பாத்தாங்க. நான் ஆமான்னு தலையாட்டினேன். மக வாயைப் பொத்திக்கிட்டா.

"வலது பக்கம் ஹெர்னியா. முன்னாடி தள்ளினா உள்ள போகும், இன்னிக்குப் போகல. காலைலேர்ந்து வாந்தி. வலிக்குதான்னு கேட்டா கேஸுன்னு சொல்வார், நம்பாதீங்க. இதுக்கு மேல தள்ளிப் போடக் கூடாது."

"அப்பா!"ன்னா மக.

என் சம்சாரம் திரும்பி, "வார்டுல சத்தம் போடக் கூடாதும்மா"ன்னா. அப்புறம் நர்ஸம்மாகிட்ட கொஞ்சம் நெருங்கி, நோயாளி காதுல விழக் கூடாதுங்கற மாதிரி குரலைத் தாழ்த்திக்கிட்டா. எனக்கு எல்லாமே கேட்டுச்சு. காலைல நான் சொன்னதை அன்னிக்கு மட்டும் அவ மறக்கல. "வீட்டுல இவர் சம்சாரத்துக்கு முடியலையாம். எதுவும் ஞாபகம் இல்லையாம், பாவம். அந்தம்மாவை விட்டுட்டு எப்படி வர்றதுன்னுதான் ஆபரேஷனுக்கு ஒத்துக்காம படுத்துக் கெடக்கறார். இவர்கிட்ட பேசிப் பிரயோஜனம் இல்ல. அந்தம்மாவை யாராவது நல்லபடியா பாத்துக்க ஒரு ஏற்பாடு பண்ணிக் குடுங்க. அதைப் பண்ணிட்டீங்கன்னா இவர் பொழைச்சுக்குவார்."

 "பண்ணிடறேன் சிஸ்டர்"னாங்க நர்ஸம்மா. குனிஞ்சு என் வயித்துல கை வெச்சுப் பாத்தாங்க. அவங்க மூஞ்சி மாறினதை நான் பாத்தேன். மக பக்கம் திரும்பி, சத்தமில்லாம, ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணச் சொல்லிச் சைகை காட்டினாங்க.

"எடுத்துக்கிட்டீங்களா?"ன்னு என் சம்சாரம் கேட்டா.

"எடுத்துக்கிட்டேன் சிஸ்டர். இனிமே நான் பாத்துக்கறேன். நீங்க கெளம்புங்க. கீழ கார் நிக்குது."

"அப்பாடா"ன்னா. தோள் ரெண்டும் எறங்குச்சு. இவ்வளவு நாளும் அந்தத் தோளைத் தூக்கி வெச்சுக்கிட்டே நின்னுருக்கான்னு அப்பத்தான் தெரிஞ்சுது. கூடத்துக்குப் போய், தானே செருப்பைத் தேடி, தானே மாட்டிக்கிட்டா. மக என்னைப் பாத்தா. அழுதுக்கிட்டே, கேள்வியா, என்னையே பாத்தா.

நான் எந்திரிச்சு உக்காந்தா போதும். "ஏய், எங்க கெளம்பிட்ட?"ன்னு ஒரு சத்தம் போட்டா போதும். ஏழாம் நம்பர் எந்திரிச்சுட்டார்னு ஓடி வந்துடுவா, ஒப்படைச்சதெல்லாம் மறந்து போயிடும், நாளைக்குக் காலைல என் கையைப் பிடிப்பா. அவ என் கண்ணு முன்னாடி இருப்பா. நான் செத்துப் போனா அவளை யாரு பாத்துக்குவாங்கங்கறது அவளுக்குத் தெரியப் போறதில்ல. வாய் வரைக்கும் வந்துச்சு எனக்கு. பெத்தவளைக் கூட்டிட்டுப் போகப் போற மகளைப் பாத்தேன், அவ கையில அந்தக் கடி வாங்கின தழும்பு இன்னும் இருந்துச்சு. கூட்டிட்டுப் போன்னு கண்ணைக் காட்டினேன்.

வாசல் வரைக்கும் போனவ என்ன நெனைச்சாளோ, செருப்போடயே திரும்பக் கட்டில்கிட்ட வந்தா. என் நெத்தியில கை வெச்சுப் பாத்தா. போர்வையை ரெண்டு பக்கமும் செருகி விட்டா.

 நான் கேட்டேன். "சிஸ்டர், நாளைக்கு யாரு டியூட்டி?"

"நான்தான். வேற யாரு? காலைல வந்துடுவேன்"னா. அப்புறம் விரலை நீட்டி, "நான் வர்ற வரைக்கும் எந்திரிக்கக் கூடாது, சொல்லிட்டேன்"னா.

"சரி சிஸ்டர்."

கதவு நிலையைப் பிடிக்கல அவ. வாசப்படியைத் தாண்டி, கைப்பிடிச் சுவத்தைத் தொட்டுக்கிட்டு, ஒவ்வொரு படியா எறங்கற செருப்புச் சத்தம் கேட்டுச்சு. மக பின்னாலேயே ஓடினா. நர்ஸம்மா என் பக்கம் பாக்காம ஜன்னல் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டாங்க. கீழ கார்க் கதவு சாத்திக்கிச்சு. நான் எந்திரிக்கல.